மச்சான் வாங்கிய பிஸ்டல்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் அமெரிக்கா போய் வந்ததிலிருந்து பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் வகுப்பிலும் ஒரே கேள்விதான். “சேர், அங்க கடையிலேயே துவக்கு விக்கிறாங்களாமே, மெய்யா? நீங்க சுட்டுப் பார்த்தீங்களா?” தரம் 10 பொடியன்மார் இன்னும் ஒருபடி மேலே போய் ரகத்தின் பெயரையே கேட்கிறார்கள். பப்ஜியில் ‘பி92’ என்று ஒரு பிஸ்டல் இருக்கிறது. அது பெரெட்டா 92 என்ற மெய்யான பிஸ்டலைப் பார்த்துச் செய்தது. என் மனைவியின் தம்பி ஹியூஸ்டனில் வாங்கியதும் அதே வர்க்கம்தான். அவர் வாங்கும்போதும் சுடும்போதும் நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுவதையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் நம்முடைய கதை. கிழக்கில் நமக்குத் துவக்கு என்றால் இரண்டு வகை. ஒன்று, வயலுக்கும் சேனைக்கும் காவல் போகிறவரின் சொட்கன். பன்றிக்கு, யானைக்கு வெருட்ட வைத்திருப்பது. அதற்கு வருடாவருடம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்து 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். மற்றது, ஆளைத் தேடி வீட்டுக்கு வருகிற துவக்கு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதை இங்கு யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்துத் தமிழ்க் கிராமத்து மக்களுக்கும் வீட்டு வாசலில் துவக்கோடு ஆள் வந்து நின்ற கதைகள் நிறைய இருக்கின்றன. பயிருக்குக் காவல் துவக்கு, ஆளைக் கொண்டுபோகும் துவக்கு. ஆசைப்பட்டுக் கடைக்குப் போய் விலை பேசி வாங்கும் துவக்கு என்று மூன்றாவது வகை ஒன்று நமக்குத் தெரியாது.

மச்சான் அங்கு போய் இருபது வருடத்துக்கு மேல். அந்நாட்டுப் பிரஜை. நல்ல பிள்ளை, ஐவேளை தொழுகிறவர். 2019 மார்ச் 15இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் ஜும்ஆ நேரம் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு அவர்களுடைய பள்ளி நிர்வாகத்திலும் பாதுகாப்புப் பற்றிய பேச்சு ஓயவில்லை. “மச்சான், ஸுஜூதுல கிடக்கிறவனால ஓட ஏலாது. ஒரு ஆளாவது பின் சஃப்ல ஆயத்தமா நிக்கணும்” என்பது அவருடைய கட்சி. அந்த ஆள் தானாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார். நான் போயிருந்த நேரம்தான் கடைக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார்.

கடை நம்முடைய நகைக்கடை மாதிரித்தான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெளிச்சம், ஒவ்வொன்றுக்கும் விலைத்துண்டு. மச்சான் கேட்டது பெரெட்டா எம்9. சாதாரண ஆட்களுக்கு விற்கும் ரகம். அறுநூறு டொலருக்கு மேல்.

கவுண்டரில் நின்றவர் முன்னாள் சிப்பாய். விசயம் தெரிந்தவர், விளக்கமாகச் சொன்னார். அமெரிக்க இராணுவத்தின் பழைய பிஸ்டல் கோல்ட் 1911. பெயரிலேயே ஆண்டு இருக்கிறது. இரண்டு உலகப் போரும் வியட்நாமும் அதைக் கொண்டுதான். 1985இல் அதை மாற்றி இத்தாலியக் கம்பனியான பெரெட்டாவின் 92ஐ எடுத்தார்கள். இராணுவம் அதற்கு வைத்த பெயர் எம்9. அந்தக் கம்பனி 1526இலேயே துவக்குக் குழல் செய்து விற்ற குடும்பத்தினுடையது. ஆரம்ப வருடங்களில் சிலதில் மேல் இரும்பு வெடித்துப் பின்னால் பறந்து சுட்டவர்களையே காயப்படுத்தியது. அதன் பிறகுதான் அந்த இரும்பைத் தடுத்து நிறுத்தும் மாதிரி ஒரு திருத்தம் செய்தார்கள். வளைகுடாப் போர், ஆப்கானிஸ்தான், ஈராக் எல்லாவற்றிலும் சிப்பாய்களின் இடுப்பில் இருந்தது இதுதான். 2017 ஜனவரியில் இதற்குப் பதிலாக சிக் சோவர் கம்பனியின் பிஸ்டலைத் தெரிவு செய்தார்கள்.

ஈராக் என்ற சொல் வந்ததும் மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பஃதாத் வீதிகளை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தானே.

நான் ஒரு கேள்வி கேட்டேன். “இராணுவத்தின் பிஸ்டலுக்கும் நீங்கள் விற்கும் இந்தப் பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்?”

அவர் சிரித்தார். பெரிய துவக்கு என்றால் வித்தியாசம் உண்டு. இராணுவத்தின் எம்16 விசையை அமத்தினால் தொடர்ந்து வெடிக்கும். கடையில் விற்கும் ஏஆர்15 ஒரு அமத்துக்கு ஒரு வெடிதான். பிஸ்டலில் அப்படி ஒன்றும் இல்லை. இராணுவத்தின் எம்9ஐயும் ஒரு அமத்துக்கு ஒரு வெடிதான், இதுவும் அப்படியேதான். அதே 9 மில்லிமீற்றர் ரவை, அதே 15 ரவை மகசீன், ஏறத்தாழ ஒரு கிலோ நிறை. இரும்பில் பொறித்த எழுத்திலும் இலக்கத்திலும்தான் மாற்றம்.

ஒரு விசயத்தில் சாதாரண ஆளுக்குக் கூடவே கிடைக்கிறது. உடம்புக்குள் போய் விரிகிற சன்னத்தை 1899இன் ஹேக் பிரகடனம் போர்க்களத்தில் தடை செய்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் வெள்ளைக்காரன் செய்த சன்னத்தின் பெயர்தான் அதற்கு இன்றும் நிலைத்திருக்கிறது. எம்9 இருந்த காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பொதுவாகக் கொடுத்தது விரியாத, முழு உறை போட்ட சன்னம். அந்தக் கடையிலோ விரிகிற சன்னம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குப் போகாது என்பதால் வீட்டுக்கு இதுதான் நல்லது என்று சொல்லி விற்கிறார்கள்.

வாங்கும் முறையைப் பலர் கேட்டீர்கள். 4473 என்று ஒரு படிவம். கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது, ரைபிள் வாங்க 18. பெயர், விலாசம், பிறந்த இடம், இனம். பிறகு ஆம், இல்லை என்று வரிசையாகக் கேள்விகள். பெரிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? தலைமறைவானவரா? போதைப்பொருள் பாவிப்பவரா? குடும்ப வன்முறையில் குற்றவாளியாகக் காணப்பட்டவரா? அதை நிரப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் எப்பிஐ நடத்தும் பதிவோடு சரிபார்க்கிறார். 1993இல் வந்த சட்டத்தின்படி 1998 நவம்பரிலிருந்து அந்தப் பதிவு வேலை செய்கிறது. மூன்று பதிலில் ஒன்று வரும்: கொடுக்கலாம், சுணங்கும், கொடுக்க முடியாது. சுணங்கும் என்று வந்து மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுத்துவிடலாம். டெக்ஸாஸில் காத்திருக்கும் நாள் என்று வேறு ஒன்றும் இல்லை.

“பேர் முஹம்மது எண்டு தொடங்குது, கொஞ்சம் சுணங்கும்” என்றார் மச்சான். பத்து நிமிடம் ஆகவில்லை. ‘கொடுக்கலாம்’ என்று வந்துவிட்டது. ஒரு காலத்தில் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க எடுத்த நேரம் இதைவிடக் கூட.

இனி, நான் சுட்டேனா என்ற கேள்விக்குப் பதில். இல்லை. விசிட் விசாவில் போனவர் அங்கு துவக்கும் ரவையும் வைத்திருக்கக் கூடாது. வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்தான். சுடும் இடத்தில் வாடகைக்கு எடுக்கவும் அதனால் சிக்கல். இங்கிருந்து போகிற நம் பிள்ளைகள் ஆசைக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். அதைச் சொல்வதும் இந்தப் பதிவின் ஒரு நோக்கம். நான் கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு மூடியும் போட்டுக்கொண்டு பின்னால் நின்று பார்த்தேன்.

உள்ளே விடுவதற்கு முன் நான்கு விதி சொன்னார்கள். எந்தத் துவக்கையும் ரவை இருக்கிறது என்று நினைத்தே தொடு. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடியும்வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அம்போடு நம் பள்ளிவாசலிலோ சந்தையிலோ நடந்து போகிறவர், யாருக்கும் காயம் படாதபடி அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ளட்டும் என்ற கருத்தில் புகாரியில் வருகிறது. சகோதரனின் பக்கம் ஆயுதத்தைக் காட்டாதீர்கள், கையிலிருந்து ஷைத்தான் அதை நழுவச் செய்துவிடக்கூடும் என்றும் வருகிறது. ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதும் அந்தச் சுவரில் ஒட்டியிருந்ததும் ஒரே விசயம்தான் என்று எனக்குப் பட்டது.

மச்சான் நின்ற இடத்துக்கும் கடதாசிக் குறிக்கும் இடையில் 21 அடி. நம்முடைய வகுப்பறையின் நீளம்கூட இல்லை. முதல் வெடிக்கு எம்9இன் விசையைப் பலமாக, நீளமாக இழுக்க வேண்டும். அது வெடித்ததும் மேல் இரும்பு பின்னால் வந்து சுத்தியலைத் தானாகவே நிமிர்த்திவிடும். அதன் பிறகு லேசாகத் தொட்டாலே போதும். முதலாவதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் இலகு. ஒவ்வொரு வெடிக்கும் சுடச்சுட ஒரு பித்தளைக் கோது வலப்பக்கம் தெறித்து விழும். காது மூடியிருந்தும் சத்தம் நெஞ்சில் விழுந்தது. நாற்பது வயது தாண்டிய மனிதன் நான், என் தோள் தானாகவே குனிந்தது. பக்கத்தில் ஒரு வாப்பா மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களின் உடம்பில் எங்கள் உடம்பில் உள்ள ஞாபகம் இல்லை.

மச்சானின் சன்னங்கள் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே போய் விழுந்தன. வெடிக்கும் சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே கீழே தள்ளுகிறது என்றார்கள். புதிதாகச் சுடுகிற வலக்கைக்காரருக்கு வழக்கமானதாம். ஐம்பது ரவையில் நடு வட்டத்தில் விழுந்தவை சொற்பம். அந்தக் கடதாசி ஓடவில்லை, கத்தவில்லை, திருப்பிச் சுடவில்லை. அதற்குப் பின்னால் ஸுஜூதில் யாரும் இல்லை.

திரும்பி வரும்போது காரில் அதைத்தான் பேசினோம். “பொலிஸ் வந்து சேரும்வரைக்கும் என்ன மச்சான் செய்ற?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஆசிரியன் என்பதால் என் நினைவு அதே டெக்ஸாஸில் உள்ள உவால்டி என்ற ஊருக்குப் போனது. 2022 மே 24இல் அங்கு ஆரம்பப் பாடசாலை ஒன்றில் 19 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்கு 18 வயது. பிறந்தநாள் முடிந்த கையோடு சட்டப்படி வாங்கிய துவக்கு, இராணுவ ரைபிளின் சிவில் ரகம். அவனுக்கும் பதிவு ‘கொடுக்கலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் அவன்மேல் எழுத்தில் ஒன்றும் இல்லை. பொலிஸ் பிந்தி வரவும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக 376 ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக்குள் போய் அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. அங்கு துவக்குக்குப் பஞ்சம் இருக்கவில்லை. டெக்ஸாஸில் ஆசிரியர்களுக்கே பிஸ்டல் கொடுக்க 2013இலிருந்து ஒரு சட்டத் திட்டம் உண்டு. தரம் 4 வகுப்பில் வெண்கட்டியும் இடுப்பில் பிஸ்டலுமாக நிற்கும் என்னை நான் கற்பனை செய்து பார்த்தேன். நாற்பது பிள்ளைகளின் கண்ணும் எங்கே இருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

“பள்ளிக்கு ஆள் வந்தா கைகட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இருக்கவில்லை. காத்தான்குடியை வைத்துக்கொண்டு யாரால் அதற்குச் சுலபமாகப் பதில் சொல்ல முடியும்?

பதில் வீட்டில் இருந்தது. மச்சானின் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவா. அவவும் நம் பக்கத்துப் பிள்ளைதான். பெட்டியை மேசையில் வைத்ததும் எழும்பி அறைக்குள் போய்விட்டா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாய் திறந்தா.

“காக்கா, எங்கட வாப்பாவ ரோட்டுல இறக்கிக் கூட்டிப் போனவன் கையில இருந்ததும் பிஸ்டல்தான். உம்மா பார்த்துக்கிட்டு நிண்டா. அவன் வெடி வைக்கல்ல. காட்டினான், அவ்வளவுதான். வாப்பா சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிக்கிட்டு அவன் பின்னால போனார்.”

அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பிஸ்டல் வேலை செய்ய வெடிக்கத் தேவையில்லை. வீட்டில் அது இருக்கிறது என்பது தெரிந்தாலே போதும், சண்டையில் குரல் மாறும். கோபத்தில் ஒரு வார்த்தை கூடும். பிள்ளைகள் அலுமாரியைத் தேடும். மனம் உடைந்த ஒரு இரவில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அமெரிக்காவில் துவக்கால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்பவர்கள். கள்ளனும் இல்லை, பயங்கரவாதியும் இல்லை. அந்த எண்ணிக்கையைத் தங்கச்சி ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தா.

அன்று இரவு கடைக்காரர் சொன்ன இன்னொரு விசயத்தை இருவருக்கும் சொன்னேன். மச்சான் சுட்டு முடித்துக் கோதுகளைக் கூட்டும்போது அவர் தன் இராணுவக் காலத்தைப் பற்றிச் சொன்னது. முகாமில் பிஸ்டல் சிப்பாயிடம் கிடப்பதில்லை. ஆயுதக் களஞ்சியத்தில் பூட்டிக் கிடக்கும். இலக்கத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும். சுட்டுப் பழகி முடிந்ததும் ஒவ்வொரு சிப்பாயும் சார்ஜன்டின் முன் நின்று, என்னிடம் கோதும் இல்லை, ரவையும் இல்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். விழுந்த கோதைக்கூடப் பொறுக்கிச் சேர்ப்பார்கள்.

இரும்பில் வித்தியாசம் இல்லை என்று கடையில் சொன்னார்களே, வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சிப்பாயின் பிஸ்டலுக்கு ஒரு களஞ்சியம் உண்டு, ஒரு சார்ஜன்ட் உண்டு, ஒரு கணக்கு உண்டு. அதே பிஸ்டல் கடை வாசலைத் தாண்டி நம்மைப் போன்ற ஒருவரின் காரில் ஏறியதும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. படிவம் கேட்டது நேற்று வரைக்கும் அவர் எப்படிப்பட்டவர் என்பதை. நாளைக்கு அவர் யார் என்று கேட்க யாரும் இல்லை. வாங்கியவரே சிப்பாய், வாங்கியவரே சார்ஜன்ட். மனிதனுக்குத் தன் கணக்கைத் தானே பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியும்.

மூன்று நாள் அந்த வீட்டில் அதிகம் பேச்சில்லை. நாலாம் நாள் தங்கச்சியே ஒரு முடிவு சொன்னா. பிஸ்டல் இரும்புப் பெட்டியில், திறப்பு அவவிடம். ஒரு ரவையும் வீட்டுக்குள் வரக்கூடாது. சுடும் இடத்தில் வாங்கினால் அங்கேயே முடித்துவிட்டு வர வேண்டும். எத்தனை வாங்கியது, எத்தனை சுட்டது என்ற பில்லை அவவிடம் காட்ட வேண்டும். “அப்ப இத வெச்சிருந்து என்ன பிரயோசனம்?” என்று மச்சான் கேட்டார். “அதத்தான் நானும் மூணு நாளா கேக்கிறன்” என்றா.

பள்ளி விசயத்தில் நிர்வாகம் வேறு முடிவு எடுத்தது. ஜும்ஆவுக்குக் கடமையில் இல்லாத பொலிஸ்காரர் ஒருவரைக் கூலிக்கு நிறுத்துவது, பின் கதவை உள்ளிருந்து திறக்கக்கூடியதாக மாற்றுவது, வாசலில் கமரா. அங்கு நிறையப் பள்ளிவாசல்களில் இப்படித்தான் செய்கிறார்களாம். மச்சானுக்கு வாசலில் நின்று வருபவருக்கு ஸலாம் சொல்லும் பொறுப்பு. புதிய முகம் ஒன்றை முதலில் காண்பவர் அவர்தான். பின் சஃபில் பிஸ்டலோடு நிற்பதைவிட இது சிறிய வேலை என்று நான் நினைக்கவில்லை.

நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. 2024 இறுதியில் தற்காப்புக்காகக் கொடுத்த துவக்குகளைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி, தேவையை மீளப் பரிசீலிக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. கெடுபிடி என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அதைக் கணக்கெடுப்பு என்று பார்க்கிறேன். கணக்கில் இல்லாத துவக்கு என்ன செய்யும் என்பதை 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பார்த்தோம். சட்டத்தரணி வேடத்தில் வந்தவனுக்கு, நடுவில் வெட்டிய சட்டப் புத்தகத்துக்குள் வைத்து அது வந்து சேர்ந்தது.

நம் பிள்ளைகள் பெருநாள் காசில் முதலில் வாங்குவது விளையாட்டுத் துவக்கு. வாங்கட்டும், தடுத்தால் ஒளித்து வாங்குவார்கள். ஆனால் ஆளின் முகத்துக்கு நேரே பிடிக்கக்கூடாது என்பதை அந்த பிளாஸ்டிக்கிலிருந்தே பழக்குங்கள். பகிடிக்குக்கூடச் சகோதரன் பக்கம் இரும்பை நீட்டுவதை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. பப்ஜியில் ‘பி92’ தேடும் மகனிடம், உன் மூத்தாப்பாவின் காலத்தில் அது எப்படி வாசலுக்கு வந்தது என்று ஒருநாள் இருத்தி வைத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அவனுக்கு அது சத்தமும் புள்ளியும் மட்டும்தான்.

போன வாரம் மச்சான் பில் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஐம்பது ரவை வாங்கியது, ஐம்பதும் சுட்டது. அதன் கீழே தங்கச்சியின் கையெழுத்து.

அல்லாஹ் நம் உயிர்களையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் பாதுகாப்பானாக. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.